ஜன்னலுக்கும் வரவு செலவு பார்ப்போம்



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. துவரம்பருப்பில் கிலோவுக்கு ஐம்பது காசு வித்தியாசம் என்றால் நான்கு மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கின்ற நாம், வீட்டு வேலை என்று வந்துவிட்டால் மட்டும் எதிரே இருப்பவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, "நல்லபடியாகத்தான் இருக்கும்" என்று நம்பிக்கொண்டு திரும்பி விடுகின்றோம். கடையில் உள்ள சூட்டிகை வீட்டுக்குள் நுழையும்போது எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

வரி, உரிமம், எடை முத்திரை, கொடுக்கல் வாங்கல் பற்றியெல்லாம் பேச வேண்டிய இதழில் ஜன்னலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். அண்மைக் காலமாகச் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் நம்மவர்கள் பேசிக்கொள்வதில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளுக்காகப் புது வீடு கட்டுகின்றவர்களும், கடைக்கு மேலே உள்ள பழைய வீட்டைப் புதுப்பிக்கின்றவர்களும் "டபுள் கிளேஸிங் போடலாமா?" என்று கேட்கிறார்கள். விற்க வருகிறவர் மூன்று வாக்குறுதி கொடுக்கிறார்: வெக்கை வராது, சத்தம் வராது, கரண்ட் பில் குறையும். இந்த மூன்றையும் நாங்களும் கேட்டோம், வாங்கினோம், கொஞ்சம் பட்டோம், பிறகு தெளிந்தோம். பட்டதைச் சொன்னால் மற்றவர்களுக்குப் பணம் மிச்சமாகும் என்பதற்காகவே இதை எழுதத் துணிந்தோம்.

எங்கள் வீட்டு நிலைமை

கீழே கடையும் கிட்டங்கியும், மேலே வீடும். எங்கள் தகப்பனார் 1958-இல் கட்டியது. ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், தேக்கு ஜன்னல்கள், தெருப்பக்கம் மேற்கு. பகலில் பஜாருக்குள் லாரி வரக்கூடாது என்பதால், இரவு பதினோரு மணிக்குமேல்தான் சரக்கு இறங்கும். பருப்பு மூட்டை, சீனி மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் இறங்கி முடிய விடியற்காலை நான்கு ஆகிவிடும். மதுரை கீழமாசி வீதி ஆனாலும், விருதுநகர் பஜார் ஆனாலும் மொத்த வியாபாரம் நடக்கும் தெருக்களின் இரவு எப்படி இருக்கும் என்பதை இதழ் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தாயாருக்கு வயது எண்பத்தாறு. ஐந்தாறு ஆண்டுகளாக அவர்களுக்கு ரத்தக்கொதிப்பு. "மாத்திரை மட்டும் போதாது, தூக்கம் வேண்டும்" என்றார் டாக்டர். இரவு இரண்டு மணிக்கு நாங்கள் எழுந்து பார்த்தால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பைபாஸ் பக்கம் மனை வாங்கியிருக்கிறோம், வீடு கட்டிப் போய்விடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். தாயார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: "உங்க அய்யா கட்டின வீட்டை விட்டு நான் எங்கேயும் வரலை. நீங்க போறதுன்னா போங்க."

இது எங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை அன்று. முன்பெல்லாம் பஜாரில் கடைக்குக் கடை மேலே குடும்பம் இருக்கும். இன்று எத்தனை மாடியில் இரவு விளக்கு எரிகிறது? ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டால் ஈ காக்கை கிடையாது. மின்கசிவில் புகை வந்தாலும், பூட்டை யாராவது உடைத்தாலும் முதலில் பார்ப்பவர் மேலே குடியிருப்பவர்தான். குடும்பங்கள் வெளியேறிய தெருவில் காவலுக்குக் கூலி கொடுத்து ஆள் வைத்துத்தான் தூங்க வேண்டியிருக்கிறது. ஆகவே பஜாரில் குடியிருக்க முடியுமா என்ற கேள்வி நம் தொழிலையும் சேர்ந்த கேள்வியே ஆகும்.

அந்தச் சமயத்தில்தான் மகன் சொன்னான், "அப்பா, டபுள் கிளேஸிங் போட்டால் சத்தத்துக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு" என்று. சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. முதலில் தெருப்பக்கம் உள்ள மகன் அறையில் போட்டுப் பார்ப்போம், சரியாக இருந்தால் தாயார் அறைக்கும் போடுவோம் என்று முடிவு செய்தோம். அப்படிச் செய்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே என்ன இருக்கிறது?

சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் உண்டு. இன்று அதுதான் விவேகானந்தர் இல்லம். 1842-இல் அது கட்டப்பட்டது பனிக்கட்டி வைப்பதற்காக. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து சென்னையில் வந்து இறங்கி விற்பனை ஆயிற்று. வெயிலில் இத்தனை தூரம் வந்தும் கரையாமல் காத்தது எது? மரத்தூள். மரத்தூளில் என்ன சக்தி இருக்கிறது? தூளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்றுதான் அந்தச் சக்தி. ஓடுகின்ற காற்று வெப்பத்தைச் சுமந்து செல்லும். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் ஊரில் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைத்ததும் இதே கணக்குதான்.

இரட்டைக் கண்ணாடியும் அதுவே. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 12 முதல் 16 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, உள்ளே காற்றைச் சிறை வைக்கிறார்கள். ஓரத்தில் உள்ள அலுமினியச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். புது ஷூப் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அந்த வேலைதான் இதற்கும். ஒட்டு விட்டுப்போனால் ஈரம் உள்ளே போய், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூடுபனி கட்டிவிடும். துணி வைத்துத் துடைக்க முடியாது. அந்தக் கண்ணாடியையே மாற்றத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி மூன்றாவது வருடம் இப்படித்தான் ஆயிற்று. பில்லில் உத்தரவாதம் எழுதி வாங்காதது எங்கள் தவறு.

இந்தச் சரக்கு புதியதும் அல்ல. 1865-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். குளிர் நாடுகளில் இது ஆடம்பரம் அல்ல, அவசியம். வெளியே உறைபனி, வீட்டுக்குள் 20 டிகிரி வைத்தாக வேண்டும். அது இரவும் பகலும், மாதக்கணக்கில். ஒற்றைக் கண்ணாடி என்றால் உள்பக்கம் நீர் கோர்த்து வழியும், பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகு விறைக்கும். அதனால்தான் இங்கிலாந்தில் 2002 முதல் பழைய ஜன்னலை மாற்றினாலும் வெப்பம் காக்கும் ஜன்னலாகவே மாற்ற வேண்டும் என்று கட்டட விதியைக் கடுமையாக்கினார்கள். அந்த ஊருக்குச் செய்த சரக்கை அந்த ஊர்க் கணக்கோடு நம் ஊரில் விற்கும்போதுதான் தராசு சாய்கிறது.

வெயில் கணக்கு

சிட்டையை எடுத்து எழுதிப் பார்ப்போம். நாலுக்கு நாலு அடி ஜன்னல் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் வரும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி வழியாக, உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட் வெப்பம் கடக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது சுமார் 2.8 வாட். பாதிக்குப் பாதி. விற்பவர் சொல்வதில் இது வரைக்கும் பொய் இல்லை.

வெளியே 40 டிகிரி, உள்ளே ஏ.சி. போட்டு 25 டிகிரி என்று வையுங்கள். வித்தியாசம் 15. ஒற்றைக் கண்ணாடியில் சுமார் 128 வாட் உள்ளே வரும். இரட்டையில் 63 வாட். மிச்சம் 65 வாட். ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் அளவு. இது வரவுப் பக்கம்.

இப்பொழுது செலவுப் பக்கம் பார்ப்போம். மாலை மூன்றரை மணிக்கு மேற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தால்கூட, நம் ஜன்னல்மேல் 750 வாட் விழுகிறது. தெளிவான ஒற்றைக் கண்ணாடி அதில் நூற்றுக்கு எண்பதுக்குமேல் உள்ளே விடும். தெளிவான இரட்டைக் கண்ணாடியும் நூற்றுக்கு எழுபது உள்ளே விடும். அதாவது 500 வாட்டுக்கு மேல், அரை அயர்ன்பாக்ஸ் அளவு வெப்பம், இரட்டைக் கண்ணாடி போட்ட பிறகும் அறைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. வெயில் என்பது வெளிச்சமாக உள்ளே வந்து, தரையிலும் கட்டிலிலும் விழுந்து வெப்பமாக மாறிவிடுகிறது. வெளிச்சமாக வருவதைக் காற்று தடுக்காது.

ஏ.சி. இல்லாத அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தோமானால் உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒரே சூடு. அங்கே இரட்டைக் கண்ணாடிக்கு வேலையே கிடையாது. கரண்ட் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். மகன் அறையில் முதல் கோடையிலேயே இதைக் கண்டோம். மூடினால் அடுப்பு, திறந்தால் பழைய ஜன்னல்.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகின்றோம். நாள் முழுதும் ஏ.சி. ஓடும் அறை என்றால் இரட்டைக் கண்ணாடியால் சுகம் உண்டு. கடலை வறுக்கும் வாணலிக்குப் பக்கத்தில் நின்றால் காற்று படாவிட்டாலும் முகம் காய்கிறது அல்லவா? சூடேறிய ஒற்றைக் கண்ணாடியும் அப்படியே. அறையில் 24 டிகிரி என்று ஏ.சி. காட்டும், ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வேர்க்கும். இரட்டைக் கண்ணாடியில் உள்பக்கக் கண்ணாடி அவ்வளவு சூடேறாது. அதிலும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி வெயிலையும் கணிசமாகக் குறைக்கும். விலையும் ஏறும். விற்பவர் காட்டும் சாம்பிள் பூச்சு உள்ளதாக இருக்கும், விலை சொல்வது பூச்சில்லாததற்கு இருக்கும். முதல் ரகத்தைக் காட்டி மூன்றாம் ரகத்தை அனுப்புவது எல்லாத் தொழிலிலும் உண்டு என்பது நாம் அறியாததா?

வெயிலை வாசலிலேயே நிறுத்துவது

வேண்டாத விருந்தாளியை உள்ளே உட்கார வைத்துவிட்டு வெளியேற்றுவது கடினம். வாசலிலேயே பேசி அனுப்பிவிட வேண்டும். வெயிலும் அப்படித்தான். உள்ளே எவ்வளவு கனத்த திரைச்சீலை போட்டாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் திரையில் படுகிறது. அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டி, வெயிலைத் தெருவிலேயே நிறுத்திவிடும்.

தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு இரண்டடிச் சன்ஷேடு பெருமளவு போதும். ஏனென்றால் நம் தென்மாவட்டங்களில் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு அருகில் நிற்கிறது. மே, ஜூன் மாதங்களில் வடக்குப் பக்கம்கூடச் சற்று சாய்கிறது. ஆனால் கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் சூரியன் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். சன்ஷேடு அதைத் தடுக்காது. அங்கே தட்டியோ, வெளிப்புறம் மூடும் மரக்கதவோ, மரமோதான் வேண்டும். அந்தக் காலத்தில் தேக்கு ஜன்னலுக்குச் சாய்வுச் சட்டம் வைத்த கதவு போட்டார்களே, அது அழகுக்காக மட்டும் அல்ல. வெயிலை மறித்துக் காற்றை விட்டது. நம் தகப்பன்மார் வாட் கணக்குப் படிக்காமலேயே கணக்காகக் கட்டினார்கள்.

மேல்மாடிக்குக் கூரைதான் முதல் எதிரி. நாள் முழுதும் வெயில் படுவது அதன் தலைமேல்தான். எங்கள் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்ததில் கிடைத்த சுகம், மகன் அறைக் கண்ணாடியில் கிடைக்கவில்லை. மத்திய மின்துறை 2018-இல் வீடுகளுக்காக வெளியிட்ட எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பிலும் கூரைக்குத் தனியாக ஓர் அளவு, சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்துக்குத் தனியாக ஓர் அளவு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஜன்னல் எந்தத் திசை, மேலே நிழல் எவ்வளவு என்றெல்லாம் பார்த்துத்தான் கணக்குப் போடச் சொல்கிறார்கள். கண்ணாடி ஒன்றா இரண்டா என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

ஆகவே கொள்முதல் வரிசை நம் கருத்துப்படி இதுதான்: முதலில் கூரைக்கு வெள்ளை. இரண்டாவது மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல். மூன்றாவது இடுக்கு அடைப்பு. நான்காவது நல்ல மின்விசிறி. இவை முடிந்து, அறையில் ஏ.சி.யும் நெடுநேரம் ஓடுகிறது என்றால், ஐந்தாவதாகக் கண்ணாடியைப் பற்றி யோசிக்கலாம். பலரும் ஐந்தாவதை முதலாவதாக வாங்குகிறார்கள்.

சத்தக் கணக்கு

தாயாரின் தூக்கத்துக்கு வருவோம். மகன் அறையில் இரட்டைக் கண்ணாடி போட்டபின் பேச்சுச் சத்தம், ஹாரன் சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் லாரி எஞ்சின் உறுமுவது மட்டும் குறையவே இல்லை. ஏன் என்று தெரியாமல் விழித்தோம். கட்டட வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன விளக்கம் இது.

வெப்பத்துக்குக் குறுகிய இடைவெளி போதும், சத்தத்துக்கு அது போதாது. இரண்டு கண்ணாடியும் ஒரே கனமாக, நடுவே அரை அங்குல இடைவெளியோடு இருந்தால், தவில்போல ஒன்று அதிர மற்றதும் சேர்ந்து அதிரும். தாழ்ந்த உறுமல் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். சத்தத்துக்காகப் போடுவதென்றால் இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு கனமாக இருக்க வேண்டும். கார் முன்கண்ணாடிபோல நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டிய கண்ணாடி இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக இடைவெளி பெரிதாக வேண்டும், நான்கு அங்குலமும் அதற்கு மேலும். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தாலே, கண்ணாடி எத்தனை உசத்தியானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஓட்டைக் கோணியில் சீனி கட்டின கதைதான்.

"உங்களிடம் ஒன்றரை அடிச் சுவர் இருக்கிறது, பிறகு என்ன?" என்றார் அவர். தாயார் அறையில் தேக்கு ஜன்னலை நாங்கள் கழற்றவில்லை. ஆசாரியை வைத்து அதை இழைத்து, சட்டம் முழுவதும் ரப்பர் பட்டை ஒட்டினோம். அதே சுவரின் உள்விளிம்பில், ஏடு ஒட்டிய கனத்த கண்ணாடியில் இன்னொரு ஜன்னல், திறந்து மூடும்படி. இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு அங்குலம். வெளியே மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டி. மகன் அறைக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. 'இரட்டைக் கண்ணாடி' வாங்கப் போய், 'இரட்டை ஜன்னல்' போட்டுக்கொண்டோம்.

அன்று இரவு தாயார் ஒன்பது மணிக்குப் படுத்தார்கள். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்குப் பார்த்தோம். அப்பொழுதும் தூக்கம். மறுநாள் டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்றுகூடத் தோன்றியது, அவ்வளவு நாள் ஆயிற்று அவர்கள் அப்படித் தூங்கி.

ஒரு வாரம் சென்று தாயார் சொன்னார்கள்: "தூக்கமெல்லாம் நல்லா வருதுய்யா. ஆனா ஊரே செத்துப்போன மாதிரி இருக்கு. லாரி வந்துச்சா வரலையான்னுகூடத் தெரியலையே!" அறுபது வருடம் கடைத்தெருவின் சத்தத்திலேயே மணி பார்த்தவர்கள். பால்காரர் மணி, கோயில் மணி, முதல் ஷட்டர் தூக்கும் சத்தம் எல்லாமே அவர்களுக்குக் கடிகாரம். ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்கு, எங்களில் யார் முதலில் எழுகின்றோமோ அவர் போய் இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்துவிடுவது என்று ஏற்பாடு. திறக்க முடியாதபடி ஒட்டி வைத்த கண்ணாடியாக இருந்தால் இதற்கு வழி ஏது?

இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காற்றுப் புகாமல் அடைத்த அறையில் கொசுவர்த்தி கொளுத்தலாகாது. சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்குமே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவராது. கதவையோ மேல் ஜன்னலையோ கொஞ்சம் திறந்து வைப்பது உயிருக்கு நல்லது.

சத்தம் போடுவது யார்?

சொல்ல வந்த கருத்துக்கு இப்பொழுதுதான் வருகின்றோம். கொஞ்சம் கசக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தாயாரை எழுப்பிய லாரி யாருடைய லாரி? எங்கள் கடைக்குச் சரக்கு இறக்க வந்த லாரிதான். பக்கத்துக் கடைக்கு வந்ததுதான். நாம் போட்ட சத்தத்தை நாமே பணம் கொடுத்து அடைத்தோம். நம்மிடம் பணம் இருந்தது, அடைத்தோம். அதே தெருவின் பின்சந்தில் நம் லோடுமேன் குடும்பமும், கணக்குப்பிள்ளை குடும்பமும் வாடகை வீட்டில் இருக்கின்றன. அவர்கள் வீட்டிலும் வயதான தாயார் உண்டு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டு. அவர்கள் எந்தக் கண்ணாடியைப் போடுவார்கள்?

2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியும் என்பார்கள். நம் தெருவில் நள்ளிரவில் ஏர் ஹாரன் அடிக்கும்போது இந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்பதை அளவுக் கருவி இல்லாமலே சொல்லிவிடலாம்.

சரக்கு இரவில்தான் இறங்க வேண்டும், அதை மாற்ற முடியாது. ஆனால் எப்படி இறங்குவது என்பது நம் கையில் இருக்கிறது. சங்கத்தின் மூலம் நான்கு ஏற்பாடுகளைச் செய்யலாம் என்பது நமது யோசனை.

ஒன்று, சரக்கு இறக்கும் நேரத்தில் லாரி எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். டீசலும் மிச்சம்.

இரண்டு, பஜார் முனையில் இருந்து உள்ளே ஹாரன் அடிக்கக்கூடாது. லாரி வந்ததும் டிரைவர் செல்போனில் கூப்பிட்டால் போதும். லாரி ஷெட்டுகளுக்குச் சங்கமே கடிதம் எழுதலாம்.

மூன்று, எண்ணெய் டின், இரும்புத் தள்ளுவண்டி இரண்டையும் கல் தரையில் போட்டு உருட்டாமல், வண்டிக்கு ரப்பர் சக்கரமும், இறக்கும் இடத்தில் பழைய டயரும் போடலாம். செலவு ஒரு மூட்டைப் பருப்புக்குக் கிடைக்கும் லாபம்கூட ஆகாது.

நான்கு, பின்சந்தில் குடியிருக்கும் வீடுகளை ஒட்டிய கிட்டங்கிகளுக்குப் பன்னிரண்டு மணிக்குள் இறக்கி முடித்துவிட்டு, ஆள் குடியில்லாத பக்கத்துக் கிட்டங்கிகளைப் பின்னிரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் எதற்கும் அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை. நாம் ஒற்றுமையாக நின்றால் ஒரு மாதத்தில் பழக்கமாகிவிடும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

அப்படியும் கண்ணாடி வாங்குவதென்றால், நாம் சரக்கு வாங்கும்போது கேட்பதுபோல் கேட்டுவிடுங்கள். எனக்குத் தொல்லை வெயிலா, சத்தமா, தூசியா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அதற்குத் தக்கபடி மாறும். கண்ணாடிகளின் கனம் என்ன, இடைவெளி எவ்வளவு, பூச்சு உண்டா இல்லையா என்பதை வாயால் சொல்லாமல் பில்லில் எழுதச் சொல்லுங்கள். நடுவில் மூடுபனி கட்டினால் எத்தனை வருடம் வரை இலவசமாக மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஜன்னல் முழுவதும் திறக்குமா, பாதி திறக்குமா என்று பாருங்கள். கரண்ட் இல்லாத நாளில் அதுதான் உங்களைக் காப்பாற்றும். பழைய தேக்கு ஜன்னலை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருகிறோம் என்றால் மட்டும் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த மரம் திரும்பக் கிடைக்காது.

மகன் அறை ஜன்னலில் இருந்து கழற்றிய தேக்குக் கதவுகள் இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கின்றன. எடைக்குப் போட மனம் வரவில்லை. வருகிற தை மாதம் ஆசாரியைக் கூப்பிட்டு, அவற்றை மறுபடி அதே இடத்தில் மாட்டப் போகின்றோம். பைபாஸ் மனையில் வீடு கட்டும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. இரவில் எங்கள் மாடியில் விளக்கு எரிகிறது. எதிர்க்கடை மாடியிலும் ஒரு குடும்பம் திரும்பிவர யோசிப்பதாகக் கேள்விப்பட்டோம். ஏர் ஹாரன் நின்றால் நிச்சயம் வருவார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மேற்சொன்ன நான்கு யோசனைகளையும் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கின்றோம். வணிக அன்பர்கள் திரளாக வந்து ஆதரவு தர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கின்றோம்.

வாழ்க வணிகம்! வளர்க ஒற்றுமை!